நாலாவது சக்கரம்

போன வாரம் எங்கள் யூனிட்டுக்குப் பெருந்துறையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். 'எங்கள்' என்று எழுதும்போது கை லேசாகக் கூசுகிறது. யூனிட் என் மனைவி மகேஸ்வரியுடையது. கணபதியில் ஒரு சந்துக்குள் தகரக்கூரை ஷெட். உள்ளே, கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடைகிற சிஎன்சி மிஷின்கள். வெளியே, கதவுக்குப் பக்கத்தில், ஒரு மேஜையும் நானும். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவனை நம்பி என்ன வேலை கொடுக்கலாமோ அதைக் கொடுத்திருக்கிறாள். பில் போடுவது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது.

வந்தவருக்கு டீ வருகிறவரை சும்மா இருக்க முடியவில்லை. கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு அது முடியாது. அலமாரியில் இருந்த தகர பஸ்ஸை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். முழங்கை நீளம் இருக்கும்.

"இது எந்தக் கம்பெனி சாம்பிளுங்க?"

"சாம்பிள் இல்லீங்க. பொம்மை."

"ஏனுங்க, ஒரு வீல் காணமே?"

"அது இன்னும் போடலீங்க."

"மெட்டீரியல் வரலீங்களா?"

எங்கள் ஊரில் ஒரு பொருளுக்குச் சக்கரம் இல்லை என்றால் அதற்கு இந்த ஒரு காரணம்தான் இருக்க முடியும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் திருப்தியாக பஸ்ஸை அதன் இடத்தில் வைத்தார். சக்கரம் இல்லாத மூலைக்கு முட்டுக்கொடுத்திருந்த நட்டையும் மறக்காமல் திரும்ப வைத்தார். நல்ல மனிதர்.

உள்ளேயிருந்து கூலண்ட் வாடை வந்தது. கடைகிற இடத்தில் சூடேறாமல் இருக்க மிஷினே பீய்ச்சிக்கொள்ளும் வெள்ளைத் தண்ணீர் அது. மழையில் நனைந்த செருப்புக் கடை மாதிரி ஒரு வாடை. இத்தனை வருஷத்தில் எனக்கு அது பழகவில்லை. என்னைப் பொறுத்தவரை லேத் என்றால் தேங்காயெண்ணெய் வாசம்தான்.

சிரிக்காதீர்கள். காங்கேயத்தில் என் மாமனாருக்குத் தேங்காயெண்ணெய் மில் இருந்தது. மாதா மாதம் பஸ்ஸில் ஒரு டின் வரும். மனைவி தலைக்குத் தேய்த்து, சமையலில் ஊற்றி, பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, அப்படியும் மீந்துவிடும். அதை நான் லேத்துக்கு ஊற்றினேன். பித்தளை கடைவதற்கு எண்ணெயே தேவையில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. தெரிந்த பிறகும் ஊற்றினேன், வாசத்துக்காக. சூட்டில் எண்ணெய் புகைந்து தெருவெல்லாம் பலகார மணம் வீசும். நாங்கள் ஞாயிறு தவறாமல் முறுக்குச் சுடுகிறோம், ஆனால் யாருக்கும் கொடுப்பதில்லை என்று தெருவில் எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது.

லேத் எப்படி வந்தது என்று சொல்லவில்லையே. அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அந்த வயதில் ஆண்களுக்கு ஏதாவது ஒன்று வரும். என் நண்பர்களில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தது, ஒருவருக்கு ஆன்மிகம் வந்தது, இன்னொருவர் அரை டிராயர் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஊட்டிக்குக் கிளம்பினார். எனக்கு லேத் வந்தது. எல்லாம் ஒரு வீடியோவால். வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் தோட்டத்துக் கொட்டகையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உள்ளங்கை அளவு ரயில் எஞ்சினுக்குச் சக்கரம் கடைவார். பேசவே மாட்டார். நடுவில் ஒரு கோப்பை டீ. அவரை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். எஞ்சினைவிட எனக்கு அந்த யாரும் கூப்பிடாமைதான் பிடித்திருந்தது என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

ஆனால் ரயில் எஞ்சினோடு எனக்கு உறவு கிடையாது. எனக்கு உறவு ஒரு பஸ்ஸோடு.

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே சில மாத இடைவெளி விழுந்துவிட்டது. நான் ஈரோட்டுக் கிளையில் இருந்தேன், மகேஸ்வரி காங்கேயத்தில். சனிக்கிழமை சாயங்காலமானால் சென்னிமலை வழியாகப் போகும் ஒரு மினுக்கலான மஞ்சள் பஸ்ஸில் ஏறிவிடுவேன். கூரைமேல் மஞ்சள் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும். சென்னிமலையில் பெட்ஷீட் கட்டுகளும் ஏறும். பிறகு அது ஓடாது, நீந்தும். முன்பக்கம் எழும்ப, பின்பக்கம் அமிழ, உள்ளே இருக்கிற அத்தனை தலைகளும் ஒரே மாதிரி ஆட்டி எதற்கோ சம்மதம் சொல்லிக்கொண்டே போவோம். மில் வாசலில் நிற்கும். ஹாரன் சத்தம் கேட்டு அவள் காம்பவுண்டு ஓரம் வந்திருப்பாள். பின்னால் களத்தில் கொப்பரை காயும். அதற்குப் பின்னால் கொப்பரையைப் பார்க்கிற பாவனையில் மாமனார் நிற்பார். நான் ஏதோ ஒரு சாக்குக்கு ஒரு பையைக் கொடுப்பேன். அவ்வளவுதான் சந்திப்பு. பஸ் கடைத்தெருவரை போய்த் திரும்பும், அதையே பிடித்து ஈரோடு போக வேண்டும்.

அது திரும்பி வந்து நிற்கும்போதுதான் எங்களுக்குப் பேச விஷயமே கிடைக்கும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்பார்:

"மாப்ளைங்களா, பேசி முடிச்சாச்சுங்களா? வண்டிய எடுக்கலாங்களா?"

பஸ்ஸே சிரிக்கும். அவள் சிவந்துபோய் உள்ளே ஓட மாட்டாள், அங்கேயே நின்று கண்டக்டரை முறைப்பாள். அவர் மசிகிற ஆள். உள்ளே யாராவது முணுமுணுத்தால் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, காற்று இருக்கிறதா என்று ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். நாலு மூலையிலும் சாவகாசமாகத் தட்டிவிட்டு, சந்தேகத்துக்கு முதல் டயரை மறுபடி ஒருமுறை தட்டுவார். அந்த அவகாசத்தில் நாங்கள் பேசிய பேச்சில்தான் என் குடித்தனம் நிற்கிறது.

அந்த பஸ்ஸைத்தான் செய்ய நினைத்தேன். வரப்போகிற கல்யாண நாளன்று, ஒன்றும் சொல்லாமல், ஹாலில் அவள் காலடி வரைக்கும் அதை ஓடவிட வேண்டும். நாலு சக்கரத்தில் உருண்டு போய் நிற்க வேண்டும். அவள் குனிந்து பார்த்து, "அட, நம்ம பஸ்ஸு!" என்று சொல்ல வேண்டும். திட்டம் இவ்வளவுதான். சக்கரத்தைக் கடையில் வாங்கினால் கடைக்காரன் பஸ் ஆகிவிடும். நானே கடைய வேண்டும்.

உக்கடத்தில் பழைய மிஷின் விற்கும் பாய் ஒருவரிடம் போனேன். மேஜைமேல் வைக்கிற மாதிரி ஒரு சின்ன லேத் அவரிடம் தூசிக்குள் கிடந்தது.

"என்ன ஜாப் போடறீங்க சார்?"

"ஜாப் இல்லீங்க பாய். சும்மா."

"சும்மான்னா?"

"பொம்மை பஸ்ஸுக்குச் சக்கரம்."

"எத்தனை?"

"நாலு."

"நாலாயிரமுங்களா?"

"நாலுங்க. நாலே நாலு."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த தம்பியைக் கூப்பிட்டு அவரும் என்னைப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

"சார், அந்தா இருக்குது பாருங்க பட்டறை. அங்க குடுத்தா நீங்க ஒரு டீ குடிச்சு முடிக்கறக்குள்ள நாலும் போட்டுத் தந்துருவாங்க. நாலு வீலுக்கு யாராச்சும் லேத்து வாங்குவாங்களா?"

"நானே செய்யோணும் பாய்."

"ஏன், ஊட்டுல எதுனா பிரச்சனைங்களா?"

பிரச்சினை இனிமேல்தான் வந்தது. வாஷிங் மெஷினைப் பொடக்காளிக்கு, அதாவது கொல்லைப்புறத்துக்கு, நாடுகடத்திவிட்டு அந்த இடத்தில் லேத்தை வைத்தேன். மகேஸ்வரி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது என்னத்துக்குங்க?"

"ஒரு பஸ் செய்யறேன்."

"எந்த பஸ்ஸு?"

"ஏதோ ஒரு பஸ்ஸு."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. வெறும் எண்ணெய் டின்னை வெட்டி பாடி செய்தேன். மஞ்சள் பெயிண்ட் வேண்டி நானே கலந்ததில், அது கடுகு தாளித்து மறந்துவிட்ட சட்டியின் நிறத்துக்கு வந்தது. உலகத்தில் எந்த ரூட்டிலும் ஓடாத நிறம். ரகசியம் காக்க அது ரொம்ப உதவியது. டயருக்கு மோட்டார் பம்புக்குப் போடும் ரப்பர் வளையங்கள். இனி சக்கரங்கள்தான் பாக்கி.

கடைய ஆரம்பித்த பிறகு பித்தளைத் தூள் படிந்து வீட்டில் எல்லாமே மின்னின. இட்லி மின்னியது. மகேஸ்வரி தலை துவட்டினால் துண்டு மின்னியது. வங்கியில் மேனேஜர் ஒருநாள் என் சட்டைக் காலரை உற்றுப் பார்த்து, "கோயில் போயிட்டு வர்றீங்களா?" என்றார். சக்கரம் என்று ஒன்று மட்டும் வரவில்லை. வந்ததெல்லாம் ஒருவகைப் பித்தளைக் குமிழ்கள். வீட்டு டிராயர்கள் எல்லாவற்றுக்கும் கைப்பிடி கிடைத்தது.

அப்போது ஆயுத பூஜை வந்தது. ஒரு மிஷினுக்குச் சொந்தக்காரனாக எனக்கு முதல் பூஜை. முந்தின நாள் முழுக்க லேத்தைத் துடைத்தேன். லேத்தில் சக் என்று ஒரு பாகம் உண்டு. பித்தளைத் துண்டைக் கவ்விப் பிடித்துச் சுற்றுவது அதுதான். அதில் மூன்று தாடைகள். பக்தி மிகுந்து அந்த மூன்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தட்டில் அடுக்கி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டேன். விஜயதசமியன்று சந்தனம் கலையாமல் திரும்ப மாட்டினேன். மாட்டியவுடனே தொழில் தொடங்குவது விசேஷமல்லவா? முதல் சக்கரம் அன்றைக்குத்தான் பிறந்தது. வட்டமாக, வழவழப்பாக, பார்த்தவுடன் சக்கரம் என்று சொல்லத்தக்க சக்கரம். அம்மன் அருள் என்று நினைத்தேன்.

அடுத்தடுத்து இன்னும் இரண்டு. அச்சில் கோத்துச் சுற்றினால் கொஞ்சம் ஏறி இறங்கின. நடு ஓட்டை நடுவில் இல்லை. கைப்பழக்கம் போதாது, போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது சக்கரத்துக்குப் பித்தளை வெட்டி வைத்த அன்றுதான் எதிர்வீட்டு பழனிசாமி அண்ணன் வந்தார். இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவர்.

"ஏனுங்க தம்பி, மிஷின் ஓடற சத்தம் கேட்டுட்டே இருக்குதுங்க. என்ன ஆர்டருங்க?"

"ஆர்டரெல்லாம் இல்லீங்கண்ணா. பொம்மைக்குச் சக்கரம்."

"செரி செரி, சொல்லாட்டிப் போகுதுங்க. தொழில்னா ரகசியம் இருக்கோணுமுங்க." மடியிலிருந்து ஒரு தேய்ந்த இரும்பு வளையத்தை எடுத்து வைத்தார். "கிரைண்டர் புஷ்ஷுங்க. சாமானம் தேஞ்சு நாளைக்கு மாவு நிக்குது. உங்க ஆர்டருக்கு நடுவால இத ஒண்ணக் கடைஞ்சு குடுத்துப்போடுங்க."

நான் அன்று சாயங்காலம் ஒன்று கடைந்து கொடுத்தேன். கிரைண்டர் அதைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்ததாம். அண்ணன் மறுநாள் வந்தபோது நான் வங்கியில் இருந்தேன். திரும்பி வந்தால் மகேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லேத் முன்னால் நிற்கிறாள். மூக்கின் மேல் என் கண்ணாடி. தாடைகள் மூன்றும் தரையில்.

"ஏனுங்க, இத யாருங்க மாட்டுனது?"

"ஏன்?"

"ஒவ்வொண்ணுலயும் நம்பர் அடிச்சிருக்குதுங்க. ரெண்டு இருக்கற எடத்துல மூணு இருக்குது, மூணு இருக்கற எடத்துல ரெண்டு. அப்பறம் எப்பிடி நடுவுல புடிக்கும்? நம்பர் மேலயே சந்தனத்த அப்பி வெச்சிருக்கறீங்க."

பிறகுதான் விளங்கியது. என் சக்கரங்கள் மூன்றும் ஒரே அளவில், ஒரே திசையில் தப்பாக இருந்ததற்குக் காரணம் என் கை அல்ல, என் பக்தி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மில்லுல பிட்டர் மாட்டறப்போ பாத்திருக்கறேன். அப்பா 'பொட்டப் புள்ளைக்கு இங்க என்ன சோலி'ன்னு தொரத்துவாரு. தொரத்தறதுக்குள்ள பாத்துக்குவேன். அக்கட்டால நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

அன்று அவள் கடைந்த புஷ் கிரைண்டரில் ஏறி உட்கார்ந்தது. அன்று நகர்ந்த அந்த அக்கட்டாலிருந்து நான் இன்றுவரை திரும்பி வரவே இல்லை.

தெருவுக்குச் செய்தி பரவியது. கேட் கீல், மிக்ஸி கப்ளிங், தையல் மிஷின் திருகு, யாரோ ஒருவருடைய மாமியாரின் ஊன்றுகோல் பூண். பிறகு பம்பு செய்கிற ஒரு பட்டறையிலிருந்து ஒரு பை நிறைய உதிரிகள் வந்தன, 'முடிஞ்சா பாருங்க' என்று. அவளுக்கு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் பித்தளைத் துண்டோடு போய் நிற்பேன்.

"ஏனுங்க, இந்த லாட்டு முடிஞ்சரட்டும். உங்க ஜாப்பு அர்ஜண்ட் இல்லீல்ல?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பரிசு என்று சொன்னால் பரிசு போய்விடும். அர்ஜண்ட் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் என் லேத்தில், என் பித்தளையோடு, என் முறைக்காக வரிசையில் நின்றேன். கல்யாண நாள் வந்தது. அன்றைக்கும் ஒரு பட்டறைக்கு உதிரி போக வேண்டியிருந்தது. நான் மல்லிகைப்பூவும் மைசூர்பாகும் வாங்கிப் போனேன். அவள் கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால் பூவை நானே வைத்துவிட்டேன். மைசூர்பாகை ஊட்டிவிட்டேன். மிஷினை நிறுத்தாமலே சாப்பிட்டாள். முகம் அப்படி மின்னிக்கொண்டிருந்தது, பாதி பித்தளைத் தூள், பாதி வேறு ஏதோ. அந்த வேறு ஏதோவைப் பார்த்த பிறகு, "கொஞ்சம் தள்ளு, எனக்கொரு பொம்மைச் சக்கரம் கடையணும்" என்று எந்த வாயால் கேட்பது?

அப்புறம் நடந்ததெல்லாம் கோயமுத்தூரில் எல்லாருக்கும் நடப்பதுதான். வீடு போதாமல் ஷெட், ஷெட்டில் பெரிய லேத், அதற்கப்புறம் சிஎன்சி. சின்ன லேத்தைப் பாயிடமே திருப்பிக் கொடுத்தோம். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், அந்த நாலு வீலு?" என்று கேட்டார். மூணு ஆச்சு என்றேன். "பரவால்லீங்க, நல்லா வளந்திருக்கறீங்க" என்றார்.

பெருந்துறைக்காரர் போன வாரம் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மகேஸ்வரியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்: "மேடம், அந்தச் சாம்பிளுக்கு ஒரு வீலப் போட்டு வெச்சுருங்க. வர்றவங்க பாத்தா ஒரு மாதிரி இருக்குமுங்க."

அது அவளைத் தைத்துவிட்டது. தன் ஷெட்டில் ஒரு பீஸ் பாதியில் நிற்பதா?

"ஏனுங்க, அதுல ஒரு வீலக் கழட்டிக் குடுங்க."

அளந்தாள், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். பாய் சொன்னது பலித்தது. என் டீ முடிவதற்குள் நாலாவது சக்கரம் வந்துவிட்டது. கண் கூசும் சக்கரம். மாட்டி, கண்ணாடி மேஜைமேல் பஸ்ஸைத் தள்ளினாள்.

மூன்று சக்கரம் ஏறி இறங்க, ஒன்று மட்டும் நேராகப் போக, முள் குத்திய ஆடு மாதிரி நொண்டி நொண்டிப் போய் ஒருபக்கமாக வளைந்து என் பில் புத்தகத்தில் முட்டி நின்றது.

மகேஸ்வரி கோணல் அளக்கிற டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்தாள். "உங்க மூணும் ரிஜெக்ட்டுங்க. விடுங்க, நாலையும் புதுசா போட்டுத் தாரேன்."

"வேண்டாம். நாலாவதையும் அந்த மூணு மாதிரியே போட்டுக் குடு."

"தப்பாவா?"

"ஆமா."

"எவ்வளவு தப்பாங்க? டிராயிங் குடுங்க, போட்டுத் தாரேன்."

கேலியாகச் சொல்லவில்லை. அவளிடம் எந்தப் பொருளுக்கு டிராயிங் கொடுத்தாலும் செய்து தருவாள். ஆனால் சந்தனத்தை டிராயிங்கில் எந்த அளவில் காட்டுவது? அந்தத் தப்புக்கு அந்தச் சின்ன லேத் வேண்டும். அது எந்த ஊர் உலைக்குப் போயிற்றோ, பாயே இப்போது கடையை விட்டுவிட்டார். ஷெட்டில் இருக்கிற மிஷின்களில் ஆயுத பூஜைக்குக் கதவில் பொட்டு வைப்பதோடு சரி, தாடையைத் தொட யாரையும் விடுவதில்லை.

"என்னத்துக்குங்க தப்பா வேணும்?"

"அந்த பஸ்ஸு அப்படித்தான் போகும்."

"எந்த பஸ்ஸு?"

நான் பஸ்ஸை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். புதுச் சக்கரத்தைக் கழற்றினாள். காலியான மூலையைத் தன் விரலில் ஏந்திக்கொண்டு மேஜையின் அந்தக் கோடியிலிருந்து மெல்ல உருட்டினாள். முன்பக்கம் எழும்பியது, பின்பக்கம் அமிழ்ந்தது. விரலும் கூடவே ஏறி இறங்கியது. பாதி மேஜையில் அவள் கை ஒருகணம் தயங்கியது. பின்னால் கொண்டுபோய் மறுபடியும் உருட்டினாள், இன்னும் மெதுவாக. கடுகு நிற பஸ் நீந்திக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது.

தலையைத் தூக்காமல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆண் குரலில் கேட்டாள்:

"மாப்ளைங்களா, பேசி முடிச்சாச்சுங்களா? வண்டிய எடுக்கலாங்களா?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எண்ணெய் டின்னிலிருந்து ஆரம்பிப்பதா, கல்யாண நாளிலிருந்தா என்று நான் யோசிப்பதற்குள் உள்ளே மிஷின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. "அக்கா, ஒரு நிமிஷம் வாங்க" என்று ஆபரேட்டர் கூப்பிட்டார்.

"வாரேன்" என்று எழுந்தாள். போகிற போக்கில் அந்தப் பளபளத்த சக்கரத்தை, தேறாத பீஸ் போடுகிற டப்பாவில் போட்டுவிட்டுப் போனாள். அந்த ஷெட்டில் சரியாக இருந்த குற்றத்துக்காக அதில் விழுந்த முதல் பீஸ் அதுதான்.

நான் பஸ்ஸை எடுத்து, நட்டை முட்டுக்கொடுத்து, அலமாரியில் வைத்தேன். உள்ளே விளக்கு பச்சையாகி மிஷின் ஓட ஆரம்பித்தது. நான் இன்னும் பேசி முடிக்கவில்லைதான். ஆனால் சொல்லி என்ன? எங்களுக்காக இறங்கி டயர் தட்ட இப்போது ஆள் இல்லை.